இரும்படுப்பின் வயசு

திண்டுக்கல்லுல கோயில் தெருவுக்குள்ள வந்து "அடுப்பு வீடு எது?"ன்னு கேட்டாப் போதும், தண்ணிக் குடத்தோட போற பொம்பளைகூட நின்னு கை காட்டிட்டுத்தான் போவா. அந்த வீட்டுக் கூடத்துல, மாதா படத்துக்கு நேர் கீழே, நாலு காலு வச்ச ஒரு இரும்படுப்பு நின்னுச்சு. வெள்ளைக்காரன் சாமான். மேல ஆறு வட்ட மூடி, கீழே ஒரு பக்கம் விறகு போடுற வாய், மறுபக்கம் ரொட்டி சுடுற பெட்டி, பின்னாடி புகை போக ஒரு குழாய். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு அதுக்குச் சில்வர் பெயிண்ட் அடிப்பாங்க. பெட்டிக் கதவு மேல மட்டும் கறுப்புல நாலு எழுத்து: 1818.

"ஆயிரத்து எண்ணூத்திப் பதினெட்டு"ன்னு ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் அந்த நாலையும் வெரலால தடவித் தடவிச் சொல்லுவார். "பிரெஞ்சுச் சாமியார் எங்க முப்பாட்டன் கையில குடுத்த அடுப்பு. இந்தத் தெருவே இல்லாத காலத்துல நாங்க சாமியாருக்கு ரொட்டி சுட்டுக் குடுத்தவங்க. அம்புட்டுப் பழைய வேதம்." கேட்டுக்கிட்டு இருக்கிறவன் தலையாட்டலேன்னா, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிப்பார். மனுசன் ரிட்டயர் ஆகியும் பாடம் நடத்துறதை விடல.

வாத்தியாருக்குத் தம்பி ஜெரோம். பூட்டுப் பட்டறையில வேலை. அண்ணன் உக்காருன்னா உக்காருவான், எந்திரின்னா எந்திரிப்பான். அவன் பொண்டாட்டிதான் புஷ்பமேரி. சாணார்பட்டிப் பக்கம் பேச்சாயியா பொறந்து, ஜெரோமைக் கட்டிக்கிறதுக்காக கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி வந்தவ. ஞானஸ்நானத்துல சாமியார் வச்ச பேரு புஷ்பமேரி. ரேஷன் கார்டுல புஷ்பமேரி, கோயில் சந்தாவுல புஷ்பமேரி. வாத்தியார் வாயில மட்டும் இருபது வருஷமா பேச்சாயி.

கட்டிக்கிட்டு வந்த புதுசுல, விவரம் தெரியாம, காப்பிச் சட்டியைக் கொண்டுபோய் அந்த இரும்படுப்பு மேல வச்சுட்டா. அப்ப மக நான்சி வயித்துல ஆறு மாசம். வாத்தியார் சட்டியைத் தூக்கி வாசல்ல எறிஞ்சார். அடுப்புக்குத் தீர்த்தம் தெளிச்சார். வயித்துப் புள்ளைக்காரியை முற்றத்துல, தெருவே பாக்க, முழங்கால் போட வச்சு அம்பத்துமூணு மணி செபமாலையையும் சொல்ல வச்சார். ஜெரோம் கதவு இடுக்குல நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். அன்னைக்கு அவ மனசுல விழுந்த காயம் ஆறவே இல்ல. அவரைக் கண்டாலே குலை நடுங்கும். நடுங்குற அதே நேரத்துல, இந்த ஆளு ஒருநாள் நாலு பேரு முன்னாடி நாறிச் சாகணும்னும் தோணும். பின்கட்டுல மண்ணடுப்பு போட்டு அவ தனியாச் சமைச்சா. கூடத்து அடுப்பை விளக்கித் துடைக்கிற வேலை மட்டும் அவளுக்குத்தான். "சுத்தம் பண்ணத் தொடலாம், பத்த வைக்கத் தொடக்கூடாது"ன்னு வாத்தியார் சட்டம். என்ன ஒரு நியாயம் பாருங்க!

இப்ப நான்சிக்குச் சம்பந்தம் வந்துச்சு. வருஷம் எண்பத்து நாலு, ஈஸ்டர் முடிஞ்ச கையோட. சேவுகம்பட்டி மிக்கேல், தென்னந்தோப்புக்காரர். பையன் கூட்டுறவு பேங்குல கிளார்க்கு. இப்படி ஒரு இடம் பூட்டுப் பட்டறைக்காரன் மகளுக்குத் தானா வருமா? அடுப்பு வீட்டுப் பொண்ணுங்கிற பேருக்குத்தான் வந்துச்சு. புஷ்பமேரிக்கு அது நல்லாவே தெரியும். மிக்கேலும் மறைக்கல. "அம்மா புது வேதம்னு கேள்விப்பட்டோம். பரவால்ல. உங்க வீட்டு வழக்கப்படி பொண்ணு அடுப்பைத் தொட்டுட்டான்னா, எங்களுக்கு அவ அடுப்பு வீட்டுப் பொண்ணுதான்"னு சொல்லிட்டார்.

வழக்கம் இதுதான்: நிச்சயத்தன்னைக்கு அந்த வீட்டுப் பொண்ணு தன் கையால இரும்படுப்பைப் பத்த வச்சு ஒரு ரொட்டி சுடணும். மாப்பிள்ளையோட அம்மா அதைப் பிட்டு வாயில போட்டப்புறம்தான் மத்தவங்க பந்தியில உக்காரலாம். வாத்தியாரோட மூணு மகளும் அப்படித்தான் பத்த வச்சுக் கட்டிக்கிட்டுப் போனாங்க.

"நான்சி தொட முடியாது"ன்னார் வாத்தியார். சாய்வு நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, ஏதோ தண்ணி வரலேன்னு சொல்ற மாதிரி சொன்னார். "என் மூத்த மக வந்து பத்த வைப்பா. நான்சி நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நிக்கட்டும்."

"அப்படின்னா அவங்க எடுக்க மாட்டாங்க மச்சான். தொட்டாத்தான்னு சொல்லியிருக்காங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய, பேச்சாயி? பெத்தப்ப யோசிச்சிருக்கணும்."

அவ கால்ல விழுந்தா. நெசமாவே, தரையில நெத்தி முட்ட. அவரு காலை மெல்ல இழுத்துக்கிட்டு, "நிச்சயத்துக்கு யாரு பத்த வச்சாலும் அடுப்பு பளிச்சுன்னு இருக்கணும். பழைய பெயிண்டெல்லாம் பொருக்கு பொருக்கா நிக்குது. சுரண்டி எடுத்துரு. நான் புதுசா அடிக்கணும்"னார். விழுந்தவளை எந்திரின்னுகூடச் சொல்லல. பாவிப் பய.

வாத்தியார் காலையிலயே பென்சன் விஷயமாக் கிளம்பிப் போன ஒரு நாள், உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் வச்சுக்கிட்டு உக்காந்தா. அழுத கண்ணு அழுதபடி இருக்க, கை மட்டும் தேச்சுக்கிட்டே இருந்துச்சு. எத்தனையோ கிறிஸ்மஸு, அம்புட்டுப் பெயிண்டும் தோலு தோலா உரிஞ்சுச்சு. பக்கத் தகட்டுல சில்வருக்கு அடியில பச்சை எனாமல், சோத்துத் தட்டுல இருக்குமே அந்த மாதிரி வழவழன்னு. கதவுல தேச்சப்போதான் கை நின்னுச்சு. மத்த மூணு எழுத்தும் இரும்புலேயே மேடா வார்த்தது. மொத எட்டுக்கும் பின்னாடி பதினெட்டுக்கும் நடுவுல ஒரு சின்னக் கோடும் மேடா இருந்துச்சு. ஆனா மொதல்ல நின்ன ஒண்ணு? அது வெறும் பெயிண்ட். மண்ணெண்ணெய் பட்டதும் ஒழுகி ஓடிருச்சு.

8-18.

இந்த மாதிரி எழுத்தை அவ வேற எங்கேயோ பாத்திருக்கா. எங்கேன்னு யோசிச்சு யோசிச்சு, பேகம்பூர்னு பிடிபட்டுச்சு. குர்ஷித் பேகத்தோட பழைய சாமான் கடை. கொடைக்கானல் பங்களாவுங்க ஏலத்துக்கு வரும்போது மொத்தமா எடுத்துட்டு வந்து விக்கிற கடை அது. நாற்காலி, குளிக்கிற தொட்டி, கடிகாரம் எல்லாம் கிடக்கும். அங்க ஒரு மூலையில இதே மாதிரி ஒரு அடுப்பு துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. கையைக்கூடக் கழுவாம நடந்தே போனா.

கடை அடுப்புக் கதவுல 8-20ன்னு இருந்துச்சு.

"ஏம்மா, இது எந்த வருஷத்து அடுப்பு?"ன்னா புஷ்பமேரி.

குர்ஷித் பேகம் தங்கப் பல்லு தெரியச் சிரிச்சா. ஆறு பேரு சத்தத்தை ஒத்த ஆளாப் போடுற பொம்பளை. "வருஷமா? யா அல்லாஹ்! இது சைசும்மா. மேல மூடி எட்டாம் நம்பரு, ரொட்டிப் பெட்டி இருபது இஞ்சு அகலம். செருப்புல நம்பர் போடுறான்ல, அப்படி." டேப்பை எடுத்துப் பெட்டிக்குள்ள விட்டு அளந்தே காட்டிட்டா. சரியா இருபது.

மறு ஞாயித்துக்கிழமை, வாத்தியார் வீடே பூசைக்குப் போன நேரம், புஷ்பமேரி தலைவலின்னு படுத்துக்கிட்டு, குர்ஷித் பேகத்தைப் பின்வாசல் வழியாக் கூட்டிட்டு வந்தா. அந்தம்மா அடுப்பைச் சுத்தி ஒரு நடை நடந்தா. பெட்டியை அளந்தா, பதினெட்டு இஞ்சு. கதவுல கடிகாரம் மாதிரி ஒரு முள்ளு இருந்துச்சு, உள்சூட்டைக் காட்டுறதுக்கு. "ரொம்பப் பழசுல இது கிடையாது. எனாமலும் கிடையாது, வெறும் கறுப்பு இரும்பா இருக்கும்"னா. குனிஞ்சு பின்தகட்டுல சுரண்டி, இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிச்சா. "பேடன்ட் வாங்குன வருஷம் போட்டிருக்கான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு. அதுக்கு முந்தி இதைச் செஞ்சிருக்கவே முடியாது. பிந்தி எப்ப வேணாச் செஞ்சிருக்கலாம். எனாமலைப் பாத்தா மொத உலகச் சண்டை முடிஞ்சப்புறம்தான். அமெரிக்காக்காரன் சாமான். பிரெஞ்சுச் சாமியாரு எங்க இருந்து இதைக் குடுத்தாரு?"

அப்புறம் முன்னங்காலுக்கு உள்பக்கம் வெரலை விட்டுத் தடவினவ, புஷ்பமேரி வெரலையும் பிடிச்சு அதே இடத்துல வச்சா.

"மூணு புள்ளி இருக்கு. உளி வச்சு அடிச்சது. எங்க மாமனாரு வித்த பெரிய சாமானுக்கெல்லாம் இப்படித்தான் குறி வைப்பாரு. உடைச்சுட்டுத் திருப்பிக் கொண்டாந்தா அடையாளம் தெரியணும்ல. இது எங்க கடையில போனதும்மா. ரெண்டாம் சண்டை நேரத்துல கொடைக்கானல்ல ஒரு அமெரிக்காப் பாதிரி பங்களாவைக் காலி பண்ணுனாங்க, ரெண்டு அடுப்பு வந்துச்சு. ஒண்ணு என்கிட்டயே கிடக்கு. இன்னொண்ணை ஒரு ஆளு மகனோட வந்து மாட்டு வண்டியில ஏத்திட்டுப் போனாருன்னு மாமா சொல்லுவாரு. விளக்கெண்ணெய் பூசி படிய வாரின தலைமுடியோட அந்தப் பையன் அடுப்பு மேலயே ஏறி உக்காந்துக்கிட்டுப் போனானாம்."

புஷ்பமேரி மனசுக்குள்ள கணக்குப் போட்டா. ரெண்டாம் சண்டை நேரத்துல வாத்தியாருக்குப் பதிமூணு, பதினாலு வயசு. ஜெரோம் அப்பக் கைப்புள்ள. அப்ப இந்த ஆளுக்குத் தெரியும். சுரண்டுனாலும் இவளுக்கு என்ன புரியப்போகுதுன்னுதான் என்னையே சுரண்டச் சொல்லியிருக்கான். வண்டியில அது மேல உக்காந்து வந்த ஆளு, இத்தனை வருஷமா முப்பாட்டன் முப்பாட்டன்னு கதை விட்டிருக்கான். இதுக்கா என்னை முழங்கால் போட வச்சான்?

"இந்தா, மூஞ்சி போற போக்கே சரியில்ல"ன்னு குர்ஷித் பேகம் அவ கையைப் பிடிச்சா. "உனக்கு என்ன வேணும்? பொண்ணு கல்யாணம்தான? அப்ப ஊரைக் கூட்டாத. அவரு காதுல மட்டும் போடு. தானா வழிக்கு வருவாரு. அடுப்பு பொய்யின்னு வெளிய போச்சுன்னா அவரு பேரு மட்டுமா போகும்? உன் பொண்ணும் அந்த வீட்டுப் பொண்ணுதான்."

நல்ல புத்தி சொன்னா. புஷ்பமேரியும் கேட்டா. அன்னைக்குச் சாயங்காலமே வாத்தியார் தனியா உக்காந்திருந்தப்ப முன்னாடி போய் நின்னு, குரலை உசத்தாம, எல்லாத்தையும் சொன்னா. எட்டு, பதினெட்டு, பச்சை எனாமல், மூணு புள்ளி, மாட்டு வண்டி. வாத்தியார் மூஞ்சி சுண்ணாம்பாப் போச்சு. எந்திரிச்சுப் போய்க் கூடத்துக் கதவைச் சாத்தினார். "யார்கிட்டயாவது சொன்னியா?"ன்னார்.

"அந்தக் கடைக்காரம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது மச்சான். நான்சி அடுப்பைத் தொடணும். அம்புட்டுத்தான்."

"தொடட்டும்"னார். "தொடட்டும், தொடட்டும்."

ஆக எல்லாம் கைக்கு வந்துருச்சு. இருபது வருஷத்துல மொத தடவையா அவ கேட்டது அந்த வீட்டுல நடந்துச்சு. வாத்தியார் சனிக்கிழமை உக்காந்து சில்வர் பெயிண்ட் அடிச்சு, கறுப்புல அந்த ஒண்ணையும் திரும்ப எழுதினார். எழுதுறப்ப அவ பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. அவரு திரும்பிப் பாக்கல.

ஞாயித்துக்கிழமை மிக்கேல் வீட்டுக்காரங்க வேன் பிடிச்சு வந்தாங்க. மாப்பிள்ளை, அவன் அம்மா, அத்தைமாரு, சித்தப்பன்மாரு எல்லாரும். பின்கட்டுல சீரகச்சம்பா பிரியாணி தம்முல இருந்துச்சு. வாசனை கூடத்துக்கே வந்துச்சு. நான்சி அரக்குப் பட்டுல அம்புட்டு அழகா இருந்தா. மாப்பிள்ளை அவளைத் திருட்டுத்தனமாப் பாத்ததையும், அவ அதைக் கண்டுபிடிச்சுத் தலையைக் குனிஞ்சதையும் புஷ்பமேரி பாத்தா. மாதாவே, இது போதும்னு நெனச்சா.

வாத்தியாருக்கு ஆளுகளைக் கண்டதும் தைரியம் திரும்பிருச்சு. பழைய ராகத்துல ஆரம்பிச்சுட்டார், பிரெஞ்சுச் சாமியாரு, முப்பாட்டன், ஆயிரத்து எண்ணூத்திப் பதினெட்டு. மிக்கேல் கண்ணை மூடிக்கிட்டுத் தலையாட்டினார். நான்சி அடுப்பு முன்னாடி மண்டி போட்டுச் சுள்ளியை அடுக்கினா. முந்தானை விறகு வாய்க்கிட்ட தொங்குச்சு. தீ பிடிச்சிரக் கூடாதேன்னு புஷ்பமேரி குனிஞ்சு அதை எடுத்துச் சொருகினா. குனிஞ்சப்ப இடது கை தன்னால அடுப்பு மேல ஊனிக்கிச்சு.

"பேச்சாயி! கையை எடு."

வாய்ப் பழக்கம். வேணும்னு சொன்னாரா, தன்னால வந்துச்சா, அவருக்கே தெரியாது. ஆனா சொன்னதோட நிறுத்தியிருக்கலாம்ல? "புள்ளைக்குத்தான் விட்டேன். உனக்கு விடல"ன்னார்.

"யாரு பேச்சாயி?"ன்னு மாப்பிள்ளையோட அத்தை கேட்டா.

"அது இவங்க பழைய பேரு. பேய் பிசாசைக் கும்பிட்டுக்கிட்டு இருந்த காலத்துப் பேரு"ன்னு வாத்தியாரோட மூத்த மக சொல்லி, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. கூட ரெண்டு பேரு சிரிச்சாங்க.

புஷ்பமேரி கையை எடுத்தா. சுள்ளியில ஊத்த வச்சிருந்த மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்தா. முந்தானையில ஊத்தி, கதவு மேல அழுத்தி ஒரே தேய். புதுப் பெயிண்ட், வழிச்சுக்கிட்டு வந்துருச்சு. ஒண்ணு போயிருச்சு.

"இது வருஷம் இல்லைங்க"ன்னா. "சைசு. எட்டாம் நம்பர் மூடி, பதினெட்டு இஞ்சுப் பெட்டி. பின்னாடி சுரண்டிப் பாருங்க, தொள்ளாயிரத்துப் பதினொண்ணுன்னு இருக்கும். அமெரிக்காப் பாதிரி வீட்டு ஏலத்துச் சாமான். பேகம்பூர்ப் பழைய கடையில இவங்க அப்பா வாங்கி, மாட்டு வண்டியில ஏத்தி வந்தாரு. இந்த மச்சான் அதுக்கு மேலயே உக்காந்து வந்தாரு. அப்ப இவருக்குப் பதிமூணு வயசு. கேளுங்க அவரை. முப்பாட்டனாம், முப்பாட்டன்!"

வாத்தியார் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டார். கீழ் உதடு தொங்கிப்போச்சு. அவரு மக சிரிப்பு அப்படியே காஞ்சுபோச்சு. புஷ்பமேரிக்கு நெஞ்சுக்குள்ள ஒரு கட்டி உடைஞ்சு குளுகுளுன்னு இறங்குன மாதிரி இருந்துச்சு. பொய் சொல்லுவானேன், நான்சி பொறந்தப்பகூட அவளுக்கு அம்புட்டுச் சந்தோசம் இல்ல.

"நெசமா வாத்தியாரே?"ன்னார் மிக்கேல்.

வாத்தியார் மாதா படத்தைப் பாத்தார், அடுப்பைப் பாத்தார், தரையைப் பாத்தார். அதுவே பதில்.

மிக்கேல் துண்டை உதறித் தோள்ல போட்டார். அவரு பொண்டாட்டி எந்திரிச்சு நேரா புஷ்பமேரிக்கிட்ட வந்தா. கோபமாக்கூட இல்ல. "நாங்க உங்க பழைய கதையைக் கேக்கலையேம்மா. நீங்க பேச்சாயியா இருந்தா என்ன, புஷ்பமேரியா இருந்தா என்ன? தெரிஞ்சுதான வந்தோம். அடுப்பு வீட்டுப் பொண்ணுன்னு சேவுகம்பட்டி பூராச் சொல்லிட்டோம். இனி ஏலத்துல எடுத்த அடுப்பு வீட்டுப் பொண்ணுன்னா சொல்றது?"

"அம்மா, பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு..."ன்னு ஜெரோம் மொத தடவையா வாயைத் திறந்தான். யாரும் காதுல வாங்கல.

"போய்ச் சேதி சொல்லி விடுறோம்"னார் மிக்கேல். அப்படின்னா என்னன்னு திண்டுக்கல்லுல பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும். மாப்பிள்ளை வாசல் வரைக்கும் போய் ஒரு தடவை திரும்பினான். அவன் அம்மா தோளைத் தட்டினா. போயிட்டான். கை நனைக்காம, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம, வேன் கிளம்பிப் போயிருச்சு. பின்கட்டுல அண்டா பிரியாணி அப்படியே இருந்துச்சு.

செத்த நேரம் கழிச்சு வாத்தியார் சுவத்துல இருந்து நகந்து வந்தார். தீப்பெட்டியை எடுத்து நான்சி முன்னாடி நீட்டினார். அவரு கண்ணுல ஈரம் இருந்துச்சு, வாயில ஒரு இளிப்பு இருந்துச்சு.

"பத்த வைம்மா. இப்ப யாரு வேணாப் பத்த வைக்கலாம். உங்கம்மாவும் பத்த வைக்கட்டும். தெருவுல போறவனையும் கூப்பிடு. இது ஏலத்து அடுப்புதான?" நான்சி வாங்காததால, தீப்பெட்டியை அடுப்பு மேல போட்டுட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். அவரு மகளுக ஒண்ணு ஒண்ணா எந்திரிச்சுப் போனாங்க. ஜெரோம் வாசப்படியில உக்காந்து தலையைக் கையில தாங்கிக்கிட்டான்.

நான்சி இன்னும் மண்டி போட்டபடியே இருந்தா. அடுக்கின சுள்ளியை ஒண்ணொண்ணா வெளிய எடுத்து வச்சா.

"விடுடி"ன்னா புஷ்பமேரி. "இவன் போனா இன்னொருத்தன். அந்த ஆளு நம்மள எம்புட்டுப் படுத்துனான்..."

"உனக்கு என் கல்யாணம் நடக்கணும்னுதான அவரு கால்ல விழுந்த?"

"ஆமாடி. உனக்காகத்தான் எல்லாம்."

நான்சி தலையைத் தூக்கினா. அழுது முடிச்ச மூஞ்சி. "பெரியப்பா உதடு தொங்குனப்ப எல்லாரும் அவரைப் பாத்தாங்க. நான் உன்னைத்தாம்மா பாத்தேன். நீ சிரிச்ச. சரி, சிரிக்கட்டும், இருபது வருஷம் பட்டவளாச்சேன்னு நெனச்சேன். அவங்க செருப்பு மாட்டிக்கிட்டு வெளிய போறாங்க, மாப்பிள்ளை திரும்பி என்னைப் பாக்குறாரு, அப்பவும் உன்னைப் பாத்தேன். அப்பவும் நீ சிரிச்சுக்கிட்டுத்தாம்மா இருந்த."

புஷ்பமேரி இல்லேன்னு சொல்ல வாயெடுத்தா. கை தன்னால உதட்டுக்குப் போச்சு.